வீல் உள்பக்கக் கரி போகவே மாட்டேங்குது, ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்

தமுவே_பையன்
எல்லாருக்கும் வணக்கம். வீல் உள்பக்கம் பிரேக் தூசி கரியா அப்பிக் கிடக்கு. சோப்பு, பிரஷ் எல்லாம் போட்டுப் பாத்தாச்சு. கடையில வாங்கின வீல் கிளீனரை 2 தடவை அடிச்சேன். அடிச்சா ஊதா கலர்ல வழியும்னு சொல்லித்தான் குடுத்தாங்க, ஒரு சொட்டு ஊதா வரலை. போலிச் சரக்கைத் தலையில கட்டிட்டாங்களா? ஞாயித்துக்கிழமை மோல்மீன்ல மச்சினன் கல்யாணம், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு நம்ம வண்டிதான். சீக்கிரம் சொல்லுங்கப்பா.

சிரியம்காரன்
என்ன வண்டி தம்பி? அலாயா, இரும்பு ரிம்மா? நாலு வீலுமா, ஒண்ணு மட்டுமா? கழட்டி வச்சுக் கழுவினீங்களா, மாட்டினபடியேவா?

பம்புசெட்
வண்டி எதுவா இருந்தா என்ன, உங்க வீட்டுத் தண்ணி என்ன தண்ணி? போர்வெல்தானே? ரங்கூன்ல பாதி வீட்டுல போர்த் தண்ணியில இரும்பு. வாளியில பிடிச்சு ராத்திரி வச்சா காலையில அடியில காவி படியும். அதே தண்ணியில வீலைக் கழுவி வெயில்ல காய விட்டா கறைதான் மிஞ்சும். நான் 3 வருஷமா இதைத்தான் சொல்லிட்டிருக்கேன், ஒருத்தரும் கேக்கலை.

கியர்பாக்ஸ்65
இந்தக் கேள்வி இங்க எத்தனாவது தடவைன்னு எனக்கே கணக்கு விட்டுப்போச்சு. பழைய இழையைத் தேடிப் படிக்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. வண்டி பேர் இல்லை, வருஷம் இல்லை, போட்டோ இல்லை. வைத்தியர்கிட்ட வந்து "வலிக்குது, மருந்து குடு"ன்னா எங்க வலிக்குதுன்னு சொல்ல வேண்டாமா? சரி, விலை குறைஞ்ச பிரேக் பேட் போட்டிருப்பீங்க. இரும்புத் தூள் கலந்த பேட் கரியாத்தான் கொட்டும். செராமிக் பேட் மாத்துங்க. முடிஞ்சது.

தமுவே_பையன்
டொயோட்டா ஃபீல்டர் அண்ணே, 2008. அலாய். மாட்டினபடியேதான் கழுவினேன். ட்ரைவர் பக்கம்தான் மோசம்.

அத்தோ_கடை
ட்ரைவர் பக்கம்னா கேக்கவே வேண்டாம், வெத்தலை. வண்டியை ஓட்டிக்கிட்டே கண்ணாடியை இறக்கித் துப்புறது. எங்க தெரு டாக்ஸி ஒவ்வொண்ணுக்கும் அந்தப் பக்கக் கதவு செவசெவன்னு இருக்கும்.

சிரியம்காரன்
ஓடுற வண்டியில துப்பினா பின்னாடிதானே போகும்? முன் வீல் உள்பக்கம் எப்படிப் போய் ஒட்டும்? அது சரி, ட்ரைவர் பக்கம்னா இடதா வலதா? முன்னாடியா பின்னாடியா?

பம்புசெட்
நம்ம ஊர்ல ட்ரைவர் பக்கம்னு சொன்னா யாருக்குப் புரியும்? ஜப்பான் பழைய வண்டிக்கு ஸ்டியரிங் வலது, புதுசா வர்றதுக்கு இடது. ரெண்டுமே ரோட்டுக்கு வலது பக்கம் ஓடுது. எல்லாம் இடது பக்கம் ஓடினதை 1970ல ஒரே ராத்திரியில வலதுக்கு மாத்தினதால வந்த வினை. ஜோசியர் சொன்னார்னு அப்போ நாட்டை ஆண்ட நே வின் மாத்தினார்.

கியர்பாக்ஸ்65
ஜோசியர் கதைக்கு ஆதாரம் இருந்தா காட்டுங்க. ஊர்ல பேசிக்கிறதெல்லாம் சரித்திரம் ஆகாது.

பம்புசெட்
எங்க அப்பா அப்போ பஸ் ஓட்டினவர். மாத்தினதுக்கு அப்புறமும் அதே பழைய பஸ்தான், கதவு இடது பக்கம். ஜனங்க இறங்கினா நடு ரோட்ல காலை வைக்கணும். பாத்தவர் சொன்னது.

கியர்பாக்ஸ்65
கதவு இடது பக்கம் இருந்துச்சு, ஒத்துக்கறேன். அதை வச்சு ஜோசியர் சொன்னார்னு எப்படி ஆகும்?

பார்லர்_அக்கா
அண்ணன்மாரே, பஸ்ஸை விட்டு இறங்கி வீலுக்கு வாங்க. அந்த கிளீனர் வாடை எப்படி இருந்துச்சு தம்பி? அழுகின முட்டை மாதிரி, மூக்கைச் சுருக்குற வாடை வந்துச்சா?

தமுவே_பையன்
ஆமாக்கா. வீட்டுல உள்ள விடலை.

பார்லர்_அக்கா
அப்போ போலி இல்லைன்னுதான் நினைக்கிறேன். தயோகிளைகொலேட்னு ஒரு சரக்கு. நாங்க முடி சுருட்டப் போடுற பெர்ம் லோஷன்லயும் அதே குடும்பம்தான், அதே நாத்தம். இரும்பு பட்டா ஊதாவா மாறும். எங்க கடையில ஒரு பொண்ணு இரும்பு கிளிப்போட லோஷன் போட்டுவிட்டு, துண்டெல்லாம் ஊதா ஆக்கி வச்சா. சந்தேகம்னா ஒரு துருப்பிடிச்ச ஆணியில ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்க.

அத்தோ_கடை
அப்போ பெர்ம் லோஷனே வாங்கி அடிச்சா மலிவாச்சே?

பார்லர்_அக்கா
வேண்டாம். அதுல காரம் ஜாஸ்தி, கையை அரிக்கும், அலுமினியத்துக்கும் ஆகாது. அதோட லோஷன் விலை கேட்டா நீங்க வீலையே புதுசா வாங்கிருவீங்க.

தமுவே_பையன்
ஆணியில விட்டேன். ஊதாவா மாறுது! அப்போ வீல்ல ஏன் வரலை? வலது பக்கம் முன் வீல். மத்த வீல்ல லேசாத்தான் இருக்கு. பாத்ரூம் கழுவுற ஆசிட் இருக்கு, அதை அடிக்கவா? நேத்து ஒரு ஓரத்துல லேசா அடிச்சேன், வெள்ளையா பூத்த மாதிரி இருக்கு.

கியர்பாக்ஸ்65
அடிச்சுட்டு வந்து "அடிக்கவா"ன்னு கேக்குறாரு.

சிரியம்காரன்
ஆசிட்டை அப்படியே ஓரமா வை தம்பி. வெள்ளையா பூத்தது அழுக்கில்லை. மேல இருக்கிற கிளியர் பெயிண்ட் போய் அலுமினியத்தையே தின்ன ஆரம்பிச்சிருக்கு. தண்ணி ஊத்தி நல்லா அலசிடு. அந்தக் கறை இனிமே போகாது, உள்பக்கம்தானே, மாப்பிள்ளை குனிஞ்சு பாக்க மாட்டார்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். 2008 ஃபீல்டர், 1500 சிசின்னா பின்னாடி டிரம் பிரேக்கா இருக்கும். டிரம்ல தூசி உள்ளேயே தங்கிடும், அதனால பின் வீல் சுத்தமா இருக்கிறதுல ஆச்சரியமில்லை. ஆனா முன்னாடி ரெண்டும் டிஸ்க். பிரேக் தூசின்னா இடது வலது ரெண்டுலயும் ஏறக்குறைய ஒரே அளவு இருக்கணும். ஒண்ணுல மட்டும் அப்பிக் கிடந்தா ரெண்டு காரணம்தான் எனக்குத் தோணுது. பேட்டை டிஸ்க்ல அழுத்துற காலிப்பர் பிடிச்சுக்கிட்டு பேட் உரசிக்கிட்டே ஓடுது. இல்லைன்னா அது தூசியே இல்லை.

விரலால தொட்டுப் பாத்தியா? பொடியா, பிசுக்கா?

தமுவே_பையன்
கரண்ட் போச்சு, டார்ச் அடிச்சுப் பாத்தேன். பிசுக்குதான். விரல்ல தார் மாதிரி ஒட்டுது, துணியில துடைச்சாலும் நகத்து இடுக்குல நிக்குது. தண்ணி ஊத்தினா முத்து முத்தா உருண்டு ஓடுது.

சிரியம்காரன்
அது கிரீஸ். கிளீனர் ஏன் ஊதா ஆகலைன்னு தெரிஞ்சுபோச்சு. இரும்புத் தூள் கிரீஸுக்கு அடியில புதைஞ்சு கிடக்கு, மருந்து அதைத் தொடவே இல்லை.

ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு வச்சு, இஞ்சினை அணைச்சுட்டு, வீலுக்குப் பின்னாடி டார்ச் அடி. ஆக்ஸில் முனையில துருத்தி மாதிரி ஒரு கருப்பு ரப்பர் இருக்கும், சிவி பூட். மடிப்புக்குள்ள விரல் விட்டுத் தடவு. கிழிஞ்சிருந்தா வீல் சுத்தச் சுத்த உள்ளே இருக்கிற கிரீஸ் வெளியே தெறிச்சு ரிம் உள்பக்கம் முழுக்க அடிக்கும். அதுல பிரேக் தூசி போய் ஒட்டினா நீ சொல்ற தார்தான்.

பிரேக் ஆயில் பாட்டில்லயும் மட்டம் பாத்துடு. ஆயில் ஒழுகினா இவ்வளவு கெட்டியா இருக்காது, ஆனாலும் அந்தச் சந்தேகத்தோட ரோட்ல ஏறாதே.

பம்புசெட்
தண்ணி முத்தா உருளுதுன்னா தண்ணியில இரும்பு...

பார்லர்_அக்கா
அண்ணே!

கியர்பாக்ஸ்65
நானும் பூட்னுதான் சொல்ல வந்தேன். மோல்மீன் போக வர 600 கிலோமீட்டர். கிழிஞ்ச பூட்டுக்குள்ள தண்ணியும் மண்ணும் போனா ஜாயிண்ட் கடிச்சிரும். திருப்பத்துல முழுசா ஒடிச்சா கடக் கடக்னு சத்தம் வருதா பாருங்க. சத்தம் வந்துட்டா பூட் மட்டும் மாத்திப் பிரயோஜனமில்லை. வரலைன்னா பூட்டும் கிரீஸும் போதும்.

சிரியம்காரன்
கியர்பாக்ஸ் அண்ணன் சொல்றது சரி. பேட் செராமிக்கா மாத்தச் சொன்னதை மட்டும் மறந்துடுவோம்.

கழுவுறதுக்கு: பூட் மாத்த எப்படியும் வீலைக் கழட்டுவாங்க, அப்பவே உள்பக்கத்தையும் முடிச்சுடு. மாட்டினபடி பின்னாடி மருந்து அடிச்சா டிஸ்க்லயும் பேட்லயும் கிரீஸ் கரைஞ்சு ஓடும். அப்புறம் பிரேக் பிடிக்காது. கழட்டின வீலைச் சாக்குமேல முகம் கீழ இருக்கிற மாதிரி படுக்க வை. முதல்ல பழைய துணியால கிரீஸை வழிச்சு எடு. பிறகு மண்ணெண்ணெய் தொட்ட துணி, டயர்ல படாம. அப்புறம் பாத்திரம் தேய்க்கிற சோப்பு, நல்லா அலசு. தண்ணி முத்தா நிக்காம பரவலாப் படர்ந்தா கிரீஸ் போச்சுன்னு அர்த்தம். அதுக்குப் பின்னாடிதான் உன் ஊதா மருந்து. நிழல்ல, ரிம் ஆறினப்புறம், 4 நிமிஷம், காய விடாதே. தேய்க்கப் பால் பாட்டில் கழுவுற பிரஷ் போதும், முனைக் கம்பியில மட்டும் துணியைச் சுத்திக்கோ, இல்லைன்னா கீறும். டிஸ்க்கில கிரீஸ் பட்டிருந்தா மெக்கானிக்கையே பிரேக் கிளீனர் அடிச்சுத் துடைக்கச் சொல்லு.

உள்பக்கம் சின்னச் சின்னதா ஈயக் கட்டி மாதிரி ஒட்டியிருக்கும், அழுக்குன்னு பேத்து எடுத்துடாதே. பேலன்ஸ் வெயிட். எங்க மாமா பேத்து எடுத்துட்டு, 80ல போனா ஸ்டியரிங் ஆடுதுன்னு 3 மெக்கானிக்கைத் திட்டினார்.

மாட்டும்போது நட்டை ஒண்ணு விட்டு ஒண்ணு எதிரெதிரா முடுக்கணும், முறுக்கு விசை 103 நியூட்டன் மீட்டர். 100 கிலோமீட்டர் ஓடினப்புறம் பெகு தாண்டி ஒரு டீக்கடையில நிறுத்தி இன்னொரு தரம் பாத்துக்கோ. இன்னொண்ணு, காஞ்ச தூசியைக் கம்ப்ரஷர் காத்து வச்சு ஊதாதே. பேட்ல என்ன கலந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்? மூச்சுல போகக் கூடாது. நனைச்சே துடை.

அத்தோ_கடை
அந்த ஊதாத் தண்ணி ரோஜாச் செடிக்கு ஆகுமா?

பார்லர்_அக்கா
செடி என்ன பாவம் பண்ணுச்சு.

பம்புசெட்
கடைசி அலசலுக்கு மழைத் தண்ணி பிடிச்சு வச்சிருந்தா நல்லது. நான் அவ்வளவுதான் சொல்வேன்.

கியர்பாக்ஸ்65
ஆளைக் காணோம். வழக்கம்தான். வேலை முடிஞ்சா நன்றி கூடச் சொல்லாம போயிடுவாங்க.

*(5 நாள் கழிச்சு)*

தமுவே_பையன்
பூட்தான். உள் மடிப்புல சுத்தி முக்கால்வாசி கிழிஞ்சிருந்துச்சு. சத்தம் இல்லை, பூட் மட்டும் மாத்தினாங்க. சோப்புக்கு அப்புறம் மருந்து அடிச்சேன், நாவப்பழச் சாறு மாதிரி வழிஞ்சுது. கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. மத்த 3 வீல் கழுவலை.

கியர்பாக்ஸ்65
போட்டோ?

சிரியம்காரன்
நட்டு பாத்தியா தம்பி?