வேலிக்கு வாங்கின ஜி.ஐ. மெஷ்ஷை கான்கிரீட்டுக்குள்ள போடலாமா? மேஸ்திரி போடலாம்ங்கிறார்

காவேரிப்பட்டணத்தான்:
மாந்தோப்பு வேலிக்கு வாங்கின ஜி.ஐ. (ஜிங்க் பூசின இரும்பு) வெல்டு மெஷ் ரெண்டு ரோல் மிச்சம் கிடக்கு. 2 இன்ச் கட்டம், 10 கேஜ். ராகி, புளி காயப்போட 20க்கு 30 அடியில களம் போடறேன், 4 இன்ச் கனம். பக்கத்துலயே தரைக்குள்ள சம்ப், அதுக்கு மேல 6க்கு 8 அடி மூடி, 5 இன்ச். ரெண்டுக்கும் இந்த மெஷ்ஷே போதும், கம்பி வாங்காதீங்கன்னு மேஸ்திரி சொல்றார். என் மச்சான் கூடவே கூடாதுங்கிறான். யாரை நம்பறது?

ஓசூர் சைட்:
களத்துக்கு தாராளமா போடுங்க. சம்ப் மூடிக்கு வேண்டாம். 10 கேஜ்னா சுமார் 3.2 மில்லி கம்பி. 2 இன்ச்சுக்கு ஒண்ணு வெச்சா மீட்டருக்கு 160 சதுர மில்லி இரும்புதான் வரும். 10 மில்லி முறுக்குக் கம்பியை 6 இன்ச்சுக்கு ஒண்ணு கட்டினா 520க்கு மேல. மூணு மடங்கு வித்தியாசம்.

பாலக்கோடு மேஸ்திரி:
சார், கணக்கு சரி. ஆனா 6 அடி மூடிக்கு 520 எதுக்கு? ஐ.எஸ். 456ல, அதான் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியில, ஸ்லாபுக்கு குறைஞ்சபட்சம் கான்கிரீட் வெட்டுப் பரப்புல 0.12 சதவீதம் இரும்பு, 5 இன்ச்சுக்கு மீட்டருக்கு 150 சதுர மில்லி. மெஷ் அதைத் தாண்டுது. மெஷ் போட்டே எத்தனையோ மூடி போட்டிருக்கேன், ஆளுங்க மேல உட்கார்ந்து பீடி குடிக்கிறாங்க, ஒண்ணும் ஆகல. இன்ஜினியருங்களுக்கு கம்பி கம்மியானாலே தூக்கம் வராது.

ஓசூர் சைட்:
ஆள் உட்கார்ற மூடின்னா நீங்க சொல்றது நிக்கும், ஒத்துக்கறேன். இவருது களத்தோரம் இருக்கு. ராகி மூட்டை ஏத்தின டிராக்டர் திரும்பறப்ப பின் சக்கரம் மூடி மேல ஏறாதா? ஒரு சக்கரத்துல 2 டன் நடுவுல வந்தா 160 பத்தாது. இன்னொண்ணு, மெஷ்ல இருக்கறது சூடு பண்ணாம இழுத்து மெலிசாக்கின கம்பி. முறுக்குக் கம்பி நல்லா வளைஞ்சு, மூடி தொங்கி, விரிசல் காட்டி எச்சரிக்கும். இழுத்த கம்பி அதிகம் நீளாம படக்குனு அறும். அதுவும் வேலிக்குன்னு வித்த மெஷ், கம்பியோட பலம் என்னன்னு யார் டெஸ்ட் பண்ணாங்க?

அரூர் அண்ணன்:
ஜிங்க் கோட்டிங் மேட்டரை யாரும் பேசலையே. சிமெண்ட் காரம், கோட்டிங் இல்லாத கருப்புக் கம்பியே உள்ள துருப்பிடிக்காது. ஜி.ஐ. போடறது தண்டச் செலவு. அதோட பச்சை சிமெண்ட்ல ஜிங்க் பட்டா ஹைட்ரஜன் குமிழ் கிளம்பும், கம்பியைச் சுத்தி பொத்தல் விழும், பிடிப்பு போயிரும்.

பென்னாகரம் பைப்புக்காரன்:
அண்ணா, பாதிதான் சரி. குமிழ் வர்றது உண்மை, கொஞ்ச நேரத்துல ஜிங்க் மேல ஒரு தோல் கட்டிட்டா நின்னுரும். வெல்டு மெஷ்ல குறுக்குக் கம்பிதான் பிடியே, வழவழன்னு இருந்தாலும் உருவிக்கிட்டு வராது. தண்டச் செலவுன்னு சொல்றீங்க, எந்த சம்பையாவது திறந்து மூடியை அண்ணாந்து பார்த்திருக்கீங்களா? எங்க தெருவுல ஒண்ணைத் திறந்தப்ப அடியில கம்பி வரிவரியா செவப்பாத் தெரியுது, பூச்சு உதிர்ந்து தண்ணிக்குள்ள கிடக்குது. கம்பியைக் கீழ மூடற கான்கிரீட், அதான் கவர், அரை இன்ச்கூட இல்ல, அது மேல எப்பவும் ஈர ஆவி. காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு உள்ள போகப்போக சிமெண்ட்டோட காரம் குறையும். அப்ப கருப்புக் கம்பிதான் முதல்ல போகும், ஜி.ஐ. இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். களத்துக்கு ஜி.ஐ.யே தேவையில்ல, சும்மா கிடக்குதேன்னு போடலாம், அவ்ளோதான்.
ஒண்ணு மட்டும் பாருங்க: ரோல்ல வெல்டு புள்ளியில கருப்படிச்சிருந்தா, கோட்டிங் போட்ட கம்பியை அப்புறமா வெல்டு வெச்சது. துரு அங்கதான் ஆரம்பிக்கும்.

காவேரிப்பட்டணத்தான்:
பார்த்தேன், கருப்பாத்தான் இருக்கு. நம்ம போர் தண்ணியில ஃப்ளோரைடு. ஒகேனக்கல் தண்ணி குடிக்க மட்டும்தான் வருது, கலவைக்கு போர் தண்ணிதான். கம்பியை அரிக்குமா?

ஓசூர் சைட்:
ஃப்ளோரைடு உங்க பல்லுக்கும் எலும்புக்கும்தான் கேடு. கம்பிக்கு எமன் குளோரைடு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு தண்ணியில லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும். ஒரு பாட்டில் லேப்ல கொடுங்க.

அரூர் அண்ணன்:
களத்துல மெஷ் போட்டா விரிசலே வராதுன்னு மட்டும் நம்பாதீங்க. வரும், வாய் பிளக்காம பிடிச்சு வைக்கும். அதுவும் மெஷ் மேல்பக்கம் இருந்தாத்தான். போன வருஷம் ஒரு பழைய களத்தை உடைச்சேன். மெஷ் முழுக்க அடியில, மண்ணோட ஒட்டிக்கிட்டு, ஒரு கட்டத்துலகூட ஜல்லி ஏறல. ‘கொட்டறப்ப கொக்கி போட்டுத் தூக்கிக்கறோம்’னு சொல்லிட்டு எல்லாரும் மேலேயே மிதிச்சிருக்காங்க.

பாலக்கோடு மேஸ்திரி:
ஆமா அண்ணா, அது எங்க ஆளுங்க பழக்கம்தான், மறைக்கல. 4 இன்ச் களத்துக்கு மேலிருந்து ஒண்ணரை இன்ச்ல மெஷ் நிக்கணும், கீழ ரெண்டு ரெண்டரை இன்ச் கவர் பிளாக் (மெஷ்ஷைத் தூக்கிப் பிடிக்கற சின்னக் கட்டை) நெருக்கமா வெச்சாத்தான் சுருண்ட ரோல் அடங்கும். 10 அடிக்கு ஒரு ஜாயிண்ட் வெட்டணும். வெட்டலன்னா எந்த மெஷ்ஷும் காப்பாத்தாது.

காவேரிப்பட்டணத்தான்:
இன்னைக்கு காலையில டிராக்டரை ஓட்டிப் பார்த்தேன். இடது சக்கரத் தடம் சம்ப் ஓரத்துல இருந்து ரெண்டடி உள்ள விழுது. மூடிக்கு 10 மில்லி கம்பி, கீழ ஒரு இன்ச் கவர். களத்துக்கு மெஷ். மச்சான்கிட்ட பாதி ஜெயிச்சேன்.

பாலக்கோடு மேஸ்திரி:
மூடியில மிச்ச மெஷ்ஷையும் கம்பியோட சேர்த்துக் கட்டிராதீங்க. கருப்புக் கம்பியைக் காப்பாத்தவே ஜிங்க் கரைஞ்சு போகும். அப்புறம் கவர் பிளாக் காசு உங்க கணக்கு, என் கூலியில பிடிக்காதீங்க.