திருகோணமலையில் சிறிய எஃப்.எம். நிலையம்: எல்லாப் பாட்டும் போடுவதா, ஒரு வகையோடு நிற்பதா?

உப்புவெளி_அலை:
வணக்கம். நகரை மையமாகக் கொண்ட தமிழ் நிலையம். காலை 6 முதல் இரவு 12 வரை ஒலிபரப்பு. காலையில் பக்திப் பாடல், பிறகு புதுப்பாட்டு, மத்தியானம் பழைய பாட்டு, பின்னேரம் விருப்பப் பாடல் என்று எல்லாம் கலந்து போகிறது. ஒரே வகைக்கு மாறலாம் என்று நிர்வாகம் சொல்கிறது. பாதிப்பேர் 80கள் என்கிறார்கள், மீதிப்பேர் புதுப்பாட்டு என்கிறார்கள். எதை வைத்து முடிவெடுப்பது? எத்தனை பாட்டு வேண்டும்? சரிவராவிட்டால் எப்போது மாற்றுவது?

கொட்டியாரக்குடா:
தம்பி, இது கைதூக்கி எடுக்கிற முடிவில்லை. முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். வேலை நாள் ஒன்றில் காலை 6–9, மத்தியானம் 11–1, பின்னேரம் 4–7, இந்த மூன்று நேரத்திலும் இங்கே எடுபடுகிற ஒவ்வொரு தமிழ் நிலையத்தையும் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் கொப்பியில் ஒரு வரி: வெளிவந்த ஆண்டு, மெல்லிசையா குத்துப்பாட்டா, முன்னும் பின்னும் அறிவிப்பாளர் எவ்வளவு நேரம் பேசினார். நாலு பக்கம் நிரம்பினால் யாரும் தொடாத இடம் தானாகத் தெரியும்.

உங்கள் அலை எங்கே விழுகிறது என்பதையும் பாருங்கள். எஃப்.எம். கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிற அலை. குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூரில் தெளிவாக விழுவது, குன்றுக்குப் பின்னால் பக்கத்து ஊரிலேயே இரையும். உங்களைக் கேட்க முடியாத ஊரின் ரசனைக்குப் பாட்டுத் தேடி என்ன பயன்?

புதுப்பாட்டில் சூரியன், சக்தி போன்ற நாடளாவிய நிலையங்களோடு போட்டி போடவே வேண்டாம். அந்தப் பாட்டு நேயரின் கைபேசியில் ஏற்கனவே ஓடிவிட்டது.

அதற்காக 80களும் சரியென்று சொல்லமாட்டேன். உங்களுக்கு விளம்பரம் தரப்போவது நகைக்கடை, புடவைக்கடை, ஹாட்வெயார், பாமசி. அங்கே காசு கொடுத்து வாங்குகிறவர் 30–55 வயது. மனிதருக்கு மனதில் ஒட்டுகிற பாட்டு பெரும்பாலும் 15–20 வயதில் கேட்டது. நடுவில் நிற்பவருக்கு 42 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள், 1990களின் கடைசியும் 2000களின் தொடக்கமும் வரும். உங்கள் நிர்வாகத்தில் ஒருவரும் பெயர் சொல்லாத காலம்! 80கள் அவருடைய தாய் தகப்பனின் பாட்டு. பக்கத்தில் வைக்கலாம், நடுவீட்டில் வைக்கக் கூடாது.

பட்டியலைச் சோதிக்க, ஒவ்வொரு பாட்டிலும் எல்லாரும் முணுமுணுக்கிற 8–10 செக்கனை வெட்டி எடுத்து 30–40 பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். தெரியுமா, பிடிக்குமா, அலுத்துவிட்டதா என்று மூன்று கேள்வி போதும். நிலையத்து ஆட்களின் சொந்தக்காரர் வேண்டாம். தொலைபேசியில் அழைத்து விருப்பப் பாடல் கேட்கிறவர்களும் வேண்டாம், தினமும் அழைப்பது அதே இருபது குரல்தான்.

ஒலிமேசை:
அண்ணா சொன்ன வகையை எடுத்தால் மணித்தியாலக் கணக்கு இப்படி வரும். விளம்பரம் 8 நிமிடம், செய்தி 3, பேச்சும் நிலையக் குறியிசையும் 5. மீதி 44 நிமிடம். இந்தக் காலத்துப் பாட்டு நாலரை முதல் ஐந்து நிமிடம் போகும், ஆகவே 9 பாட்டு. (50, 60களின் பாட்டென்றால் 13 கூடப் போகும். நிமிடத்துக்கு 78 தடவை சுற்றும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டியிருந்ததால் அவை மூன்று நிமிடத்துச் சொச்சம்தான்.) ஒன்பதில் 6 மையப் பாட்டு (அண்ணா சொன்ன 1990களின் கடைசி, 2000களின் தொடக்கம்), 80களின் பாட்டு 2, புதுசு 1.

மையப் பாட்டு 350 போதும். நாளுக்கு 6 × 18 = 108 இடம், ஒரு பாட்டு மூன்று நாளுக்குச் சற்றுப் பிந்தித் திரும்பும். ஆனால் 324 வைத்துவிடாதீர்கள். அது சரியாக 108 × 3, ஒவ்வொரு மூன்றாம் நாளும் அதே பாட்டு அதே நேரத்துக்கு வந்து நிற்கும். 350 என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் நாலு மணித்தியாலத்துக்கு மேல் நகரும். புதுப்பாட்டிலும் இதே பொறி: மணிக்கு ஒன்று வீதம் 6 பாட்டை வரிசையாகச் சுற்றினால், காலை 6க்கு வந்தது பகல் 12க்கும் பின்னேரம் 6க்கும் வரும், நாளைக்கும் அதே மணிகளில். 7 வையுங்கள், தானாக இடம் மாறும்.

350 குறைவு என்று முதலில் முறைப்படுவது அறிவிப்பாளர்கள்தான். அவர்கள் ஆறு மணித்தியாலம் கேட்கிறார்கள், நேயர் ஓட்டோவில் இருபது நிமிடம். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒமாஹாவில் கே.ஓ.டபிள்யூ.எச். நிலையத்தை அதன் உரிமையாளர் டொட் ஸ்டோர்ஸ் தூக்கி நிறுத்தியதே ஒரு சில பாட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுத்தான்.

ரேடியோடிஜே மாதிரி, பாட்டுகளைத் தானாக வரிசைப்படுத்திப் போடுகிற மென்பொருளில் ஏற்றும்போது தமிழ்ப் பாட்டுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. பாடகர் என்ற கட்டத்தில் ஒரு கோப்பில் இசையமைப்பாளர் பெயர் இருக்கும், இன்னொன்றில் ‘எஸ்.பி.பி.’, மற்றொன்றில் ‘எஸ்.பி. பாலசுப்ரமணியம்’. மென்பொருளுக்கு இவர்கள் மூன்று பேர். ஒரே குரலுக்கு 45 நிமிட இடைவெளி என்று விதி வைத்திருந்தாலும் மூன்று பாட்டு அடுத்தடுத்து விழும். அந்தக் கட்டத்தில் முதற்குரல் மட்டும், ஒரே எழுத்துக்கூட்டலில். இசையமைப்பாளருக்குத் தனிக்கட்டம். படத்தின் பெயர் இசைத்தொகுப்புக் கட்டத்தில், அதற்கு 2 மணித்தியால இடைவெளி. இசையமைப்பாளருக்குக் கடுமையான இடைவெளி வைக்காதீர்கள். 80கள் பிரிவில் இளையராஜாவைத் தள்ளித் தள்ளி வைத்தால் பாட்டே மிஞ்சாது, மென்பொருள் விதியை மீறிக் கையில் கிடைத்ததைப் போடும்.

கோப்புகளின் ஒலியளவையும் ஏற்றும் முன்பே சமப்படுத்துங்கள். 80களின் பாட்டுக்குப் பின்னால் 2005இன் பாட்டு வந்தால் நேயரின் கை சத்தத்தைக் குறைக்கப் போகும், போன கை அலைவரிசையையும் மாற்றும்.

ஆலங்கேணி_வாசகர்:
பட்டியல் சரி. காலை 6க்குப் பக்திப் பாடல் மட்டும் இடிக்கிறது. முஸ்லிம்கள் கூடுதலாக வாழ்கிற கிண்ணியா, மூதூர் நேயர்களும் வேண்டுமென்றால் உங்கள் முதல் மணித்தியாலமே அவர்களை வேறு நிலையத்துக்கு அனுப்பிவிடும். காலையில் போனவர் அன்றைக்குத் திரும்பி வருவது அருமை. நிறுத்தச் சொல்லவில்லை, 5 மணிக்கு ஒலிபரப்பைத் தொடங்கி 6க்குள் முடியுங்கள். திருவெம்பாவை நாட்கள், நோன்பு மாதம், பெரிய வெள்ளி, வெசாக் ஆகியவற்றுக்கு என்ன மாற்றம் என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். நோன்பு மாதத்தில் எடுத்த நேயர் கணக்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்த மாதம் விழிக்கிற நேரமே வேறு.

உப்புவெளி_அலை:
நன்றி அண்ணாமார். ஒரு சந்தேகம். பின்னேர நிகழ்ச்சிக்கு அனுசரணை தருகிற கடைக்காரர் தனக்குப் பிடித்த பாட்டைத்தான் போடவேண்டும் என்கிறார். விருப்பப் பாடலை எடுத்தால் நேயர்கள் கோபிப்பார்கள்.

கொட்டியாரக்குடா:
விருப்பப் பாடலை எடுக்க வேண்டாம், அது இலங்கை வானொலிக் காலத்திலிருந்து நம்மோடு வருகிறது. கேட்கிற பாட்டு உங்கள் பட்டியலில் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் அதே பாடகரின் பட்டியல் பாட்டைக் கொடுத்து வாழ்த்தைச் சொல்லுங்கள். பெயர் வாசிப்பது 40 செக்கனுக்குள். கடைக்காரருக்கு நிகழ்ச்சியின் பெயரில் கடைப்பெயர், மணிக்கு நாலு தடவை அறிவிப்பு. பாட்டுத் தெரிவு விற்பனைக்கு இல்லை என்பது ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இருக்கட்டும்.

காலம் 12 மாதம். முதல் மூன்று மாதம் முறைப்பாடு மட்டும்தான் வரும். பழைய நேயர் போவது உடனே தெரியும், புதியவர் வருவது மெல்லத் தெரியும். ஆறாம் மாதம் பலர் பயந்துபோய்ப் பாதியாகக் கலக்கிறார்கள், அதோடு இரண்டு பக்கமும் போய்விடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாட்டுச் சோதனை நடத்தி, அலுத்த 30–40 பாட்டை எடுத்து வேறு போடலாம். வகையைத் தொடக்கூடாது.

பாட்டுக்குப் பொறுப்பு ஒருவர் மட்டும். கலையகக் கணினியில் பென்டிரைவ் துளையை மூடிவிடுங்கள். இசைத்தட்டை விலைக்கு வாங்கியது ஒலிபரப்பு அனுமதி ஆகாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் அதைத் தனி உரிமையாகவே வைத்திருக்கிறது. ஆகவே 350 பாட்டின் பட்டியல் முடிந்ததும், குறியிசைக்குக் காசு கொடுக்க முன் உரிமைக்காரரிடம் அனுமதி கேளுங்கள். கிடைக்காத பாட்டு எத்தனை என்று பார்த்தபிறகு ஆரம்பத் திகதியை வையுங்கள்.