மேட்டு லைன் எப்படி வந்தது: பழைய பெட்டிகளைத் திறந்து பாருங்கள்

அன்பான அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் நம் குழுவில் ஒரு தம்பி, குன்னூர் மலைச்சரிவில் இருக்கும் நம் குடியிருப்பைப் பற்றி, "நம்ம மேட்டு லைனை யார் கட்டினது? எங்க தேடியும் ஒண்ணும் கிடைக்கலையே" என்று கேட்டிருந்தார். அவர் பிறந்தது கோயம்புத்தூரில், வளர்ந்தது ஷார்ஜாவில். கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் அதற்கு நம்மவர் இருவர், "சிலோன் அகதிகளுக்கு கவர்மெண்ட் குடுத்த இடம்" என்று பதில் போட்டிருந்தார்கள். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஒரு வரியில் இரண்டு பிழை. நாம் அகதிகள் இல்லை. அந்த இடத்தை யாரும் கொடுக்கவும் இல்லை. அதனால்தான் இந்த நீளமான மடல். பொறுமையாகப் படியுங்கள்.

நம் பாட்டன் பூட்டன்கள் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து, ஆள் சேர்த்துக் கூட்டிப்போன கங்காணி பின்னால் இலங்கையின் கண்டிச் சீமைக்குப் போனவர்கள். முதலில் கோப்பி (காப்பி), பிறகு தேயிலை. மூன்று நான்கு தலைமுறை அங்கேயே பிறந்து, அங்கேயே கவ்வாத்து வெட்டி, அங்கேயே மண்ணுக்குள் போனார்கள். இலங்கை சுதந்திரமடைந்த 1948-லேயே ஒரு குடியுரிமைச் சட்டம் வந்தது. அதோடு நம் ஆட்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆகிப்போனார்கள். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும். மீதி 1,50,000 பேரை என்ன செய்வது என்று அப்போது முடிவாகவில்லை. 1974-ல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

ஆகவே நாம் வந்தது ஒப்பந்தப்படி. கண்டியில் இருந்த இந்திய அலுவலகத்தில் இந்தியப் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு, இந்தியக் குடிமக்களாகக் கப்பல் ஏறினோம். 1983 கலவரத்துக்குப் பிறகு உயிருக்கு அஞ்சி வந்து முகாம்களில் தங்கியவர்களின் துயரம் வேறு. அவர்கள் நிலைமை நம்முடையதைவிடக் கொடுமை. அவர்களைத் தாழ்த்திச் சொல்வதற்காக இந்த வித்தியாசத்தைச் சொல்லவில்லை. காகிதத்தில் நம் பெயர் "தாயகம் திரும்பியோர்". அங்கே இருந்தவரை கள்ளத்தோணி (திருட்டுப் படகில் வந்தவர்கள்) என்றார்கள், இங்கே வந்ததும் அகதி என்றார்கள். இரண்டும் நமக்கு ஒட்டாத பெயர்கள். நாமே எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டாம்.

எங்கள் குடும்பம் வந்தது எழுபதுகளின் நடுவில். அங்கே தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டிருந்த சமயம், கூடவே பஞ்சம். அப்பாயி (அப்பாவின் அம்மா) சொல்லும்: "மரவள்ளிக் கிழங்கும் தீந்து போச்சு, அப்புறம்தான் உங்க தாத்தா பேரு குடுத்தாரு." தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல், இராமேஸ்வரத்தில் இறக்கம், பிறகு மண்டபம் முகாம். ஒரு காலத்தில் இலங்கைக்குப் போகும் கூலிகளைத் தடுத்து நிறுத்தி அம்மை, காலரா சோதித்து அனுப்பிய அதே மண்டபம்தான். அப்பாயியின் பாட்டி போகும்போது தங்கிய இடத்தில் அப்பாயி திரும்பும்போது தங்கியது.

அந்தப் பயணத்தில் வந்த தகரப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பச்சை வண்ணம் அடித்தது. மூடியில் வெள்ளை எழுத்தில் தாத்தாவின் பெயரும், கீழே ஒரு எண்ணும், அதற்குக் கீழே "மண்டபம்" என்றும் இருக்கும். "ம"வின் வால் நீளமாக இழுத்துக்கொண்டு போய்ப் பூட்டுக் கொண்டியில் முட்டி நிற்கும். சின்ன வயதில் அந்த வாலை விரலால் தடவிப் பார்ப்பேன். பெட்டிக்குள் தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டை, தாத்தா பாஸ்போர்ட், ஒரு கொழுந்துக் கூடையின் கயிறு. தலையில் மாட்டும் அந்தக் கயிற்றை அப்பாயி ஏன் கடல் தாண்டிக் கொண்டுவந்தது என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. "எங்க போனாலும் கொழுந்துதானே பறிக்கப் போறோம்" என்றது.

அது சொன்னது சரிதான். தாயகம் திரும்பியவர்களுக்காகவே 1968-ல் நீலகிரியில் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கினார்கள். அதுதான் 1976-ல் டான்டீ என்ற கழகமாக மாறியது. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, நடுவட்டம், கோத்தகிரி, குன்னூர் என்று காட்டை வெட்டித் தேயிலை நட்டது நம் ஆட்கள். அங்கே வேலை கிடைத்தவர்களுக்கு லைன் வீடும் கிடைத்தது. ஆனால் வந்தவர்கள் எத்தனை பேர், தோட்டத்தில் வேலை எத்தனை பேருக்கு! சமவெளியில் வியாபாரக் கடன் கொடுத்து ஊர் ஊராக அனுப்பிவிட்டார்கள். வெயிலும் தெரியாது, வியாபாரமும் தெரியாது. கடன் பணம் கரைந்ததும், குளிரும் தேயிலையும் இருக்கிற மலையைத் தேடி அவர்களாகவே ஏறி வந்தார்கள். மேட்டு லைனை உண்டாக்கியவர்கள் இப்படித் தானாக ஏறி வந்தவர்கள்தான்.

குன்னூரில் சமதளம் என்று இருந்ததெல்லாம் அதற்குள் முடிந்திருந்தது. 1866-லேயே நகராட்சி ஆன ஊர். வெலிங்டன் பக்கம் ராணுவம், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை, நடுவில் ரயில்வே, மேலே பங்களாக்கள், சுற்றிலும் தேயிலையும் ஒதுக்குக் காடும். மிஞ்சியது ஓடைக்கரையும் செங்குத்துச் சரிவும்தான். யாரும் வேண்டாம் என்று விட்ட அந்தச் சரிவில் சீகை மரக் கம்பு நட்டார்கள். தார் டின்னைப் பிளந்து, தட்டி நிமிர்த்தி, சுவர் ஆக்கினார்கள். மண்ணைக் குழைத்து உள்பக்கம் பூசினார்கள். வெயில் நாளில் அந்தச் சுவரில் தார் வாடை அடிக்கும். மேட்டு லைன்காரர்கள் எல்லோருக்கும் அந்த வாடை ஞாபகம் இருக்கும்.

பக்கத்துப் பக்கத்தாக ஒரே கூரையில் போட்டதால் அதை லயம் என்றார்கள். சிலோன் பேச்சு அது. ஒவ்வொரு அறையும் காம்பரா. பள்ளிக்கூடத்துக்குப் போன நாம்தான் அதை லைன் ஆக்கினோம். மூன்று வரிசை. மேல் வரிசை, நடு வரிசை, ஓடை வரிசை. அவரவர் சிலோனில் இருந்த தோட்டத்து ஆட்களோடு சேர்ந்தே குடியேறினார்கள். அதனால்தான் நடு வரிசைக்காரர்கள் திருவிழாவில் தனியாகத் தப்படித்தார்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மேட்டு லைனில் யாருக்கும் பட்டா இல்லை. அதனால் நம்மிடம் காகிதமே இல்லை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இருக்கிறது. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, புறம்போக்கில் இருப்பவர்களுக்கு வருவாய்த்துறை பி மெமோ என்ற ஆக்கிரமிப்பு நோட்டீஸ் கொடுக்கும், அபராதமும் போடும். நம் அப்பாக்கள் அதைப் பயந்து பயந்து வாங்கிக் கட்டினார்கள். கட்டிய ரசீதைப் பெட்டியில் போட்டார்கள். அந்தப் பி மெமோதான் இத்தனை வருடமாக நாம் அங்கே குடியிருக்கிறோம் என்பதற்கு அரசாங்கமே எழுதிக் கொடுத்த சாட்சி. அதோடு வீட்டு வரி ரசீது, மின்சார அட்டை, பழைய ரேஷன் கார்டு. எதுவும் குப்பை இல்லை.

காகிதத்தின் அருமையை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கல்லூரியில் சேர சாதிச் சான்று கேட்டு ஒரு அலுவலகத்துக்கு அப்பாவும் நானும் ஏழு முறை நடந்தோம். "1950-க்கு முன்னாடி உங்க குடும்பம் எந்த ஊர்ல இருந்துச்சு?" என்று கேட்டார்கள். அப்பா சிலோன் தோட்டத்தின் பெயரைச் சொன்னார். அது இந்தியாவில் இல்லையே என்றார்கள். எட்டாவது முறை அப்பாயி அந்தக் குடும்ப அட்டையைச் சேலை முந்தானையில் சுற்றிக்கொண்டு கூடவே வந்தது. அட்டையில் சொந்த மாவட்டம், கிராமம் எல்லாம் எழுதியிருந்தது. அன்றைக்குத்தான் சான்று கிடைத்தது.

லைன் ஏன் இவ்வளவு பாழடைந்தது என்றும் அந்தத் தம்பி கேட்டிருந்தார். பட்டா இல்லையென்றால் வங்கிக் கடன் இல்லை. மலைப்பகுதிக் கட்டட விதிகளின்படி அனுமதியும் கிடைக்காது. சொந்தக் காசு போட்டுச் சுவர் எழுப்பினாலும் எப்போது இடிப்பார்களோ என்ற பயம். யார்தான் நல்ல வீடு கட்டுவார்கள்? தண்ணீரோ, ரேலியா அணையில் மட்டம் குறைந்தால் ஊருக்கே வாரத்துக்கு ஒருமுறைதான், மேட்டில் இருக்கிற நமக்கு அதுவும் ஏறாது. தொண்ணூறுகளின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தது. இளவட்டங்கள் திருப்பூருக்குப் போனார்கள், பிறகு வளைகுடா. நான் உட்பட. ஆள் போன வீட்டில் கூரைத் தகரம் துரு ஏறியது. வயசானவர்கள் மட்டும் இருக்கும் ஊர் சீரழியாமல் என்ன செய்யும்?

2009 நவம்பரை மறக்க முடியாது. 10-ஆம் தேதி பக்கத்துக் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. மாவட்டம் முழுவதும் மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலை ரயில் பாதையும் அறுந்தது. நீலகிரி மண் அடியில் பாறை, மேலே கனமான களிமண். தண்ணீர் வடிய வழியில்லாமல் ஊறிவிட்டால் அப்படியே வழுக்கிக்கொண்டு வரும். அன்று இரவு ஓடை வரிசையில் இருந்த எல்லோரையும் மேல் வரிசைக்காரர்கள் தங்கள் காம்பராவில் ஏற்றிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் பதினேழு பேர். விடிந்து பார்த்தால் ஓடை வரிசையின் கடைசி இரண்டு வீடு இல்லை. ஒரு கதவு மட்டும் சேற்றில் நின்றுகொண்டிருந்தது, பூட்டோடு.

அதனால் என் மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஓடை வரிசையை அங்கேயே வைத்திருக்க வேண்டும் என்று நம் சங்கம் போராடக் கூடாது. நீரோடைப் புறம்போக்கு ஆட்சேபகரமான இடம், அதற்குப் பட்டா வராது. உயிருக்கும் ஆபத்து. அவர்களுக்கு மாற்று வீடு வேண்டும், அதுவும் குன்னூரிலேயே வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவரைப் பத்து மைல் தள்ளிக் குடிவைத்தால் பஸ்ஸுக்கே பாதிக் கூலி போய்விடும். மேல் வரிசை, நடு வரிசைக்கு மட்டும் பட்டா கேட்போம். இரண்டையும் போட்டுக் குழப்பினால் இரண்டுமே கிடைக்காது. சிலருக்கு இது கோபம் தரலாம். ஓடை வரிசையில் இன்னும் இருக்கும் பெரியம்மா, மாமாக்களிடம் நேரில் பேசிவிட்டுத்தான் எழுதுகிறேன். அவர்களுக்கே மழைக்காலத்தில் தூக்கம் கிடையாது.

இன்னொன்று. 2022-ல் டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பித் தருவது என்று முடிவானபோது, லைன் வீட்டில் இருந்த ஓய்வுபெற்றவர்கள் எங்கே போவது என்று தவித்தார்கள். நட்டு வளர்த்தவர்களுக்கே அந்த நிலைமை என்றால், நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

சரி, இப்போது உங்களால் ஆக வேண்டியது. துபாய், தோகா, சிங்கப்பூர், திருப்பூர், எங்கே இருந்தாலும் ஊரில் இருக்கும் அம்மாவிடமோ அத்தையிடமோ போனில் சொல்லிப் பழைய பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். குடும்ப அட்டை, பாஸ்போர்ட், பி மெமோ, வரி ரசீது, எது இருந்தாலும் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அதைப் பொதுக் குழுவில் போட வேண்டாம், எனக்கோ செயலாளர் அண்ணனுக்கோ தனியாக அனுப்புங்கள். அசல் யார் கையிலும் கொடுக்க வேண்டாம். கறையான் அரித்ததாக இருந்தாலும் தூக்கி எறியாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். பொங்கலுக்கு நான் ஊருக்கு வருகிறேன், வீடு வீடாக உட்கார்ந்து அட்டவணை போடலாம்.

எங்கள் அட்டையை எடுத்துப் பார்த்தேன். தாத்தா பெயருக்குக் கீழே ஆறு பேர் பெயர் இருக்கிறது, ஐந்து பேரை எனக்குத் தெரியும். ஆறாவது ஒரு பெண் குழந்தை, வயது இரண்டு. மண்டபத்தில் காய்ச்சலில் போனதாக அப்பாயி ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறது. அந்தச் சமயம் மண்டபத்தில் கூட இருந்த குடும்பம் யாராவது இந்தக் குழுவில் இருந்தால், எங்கே அடக்கம் செய்தார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். அப்பா கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
மேல் வரிசை, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வீடு
(இப்போது மஸ்கட்)