பாறையை உடைப்பதா, கூடத்துக்குள் வைப்பதா?

பாறைக்காரன்:
மொரிஷியஸில் சென் பியேரில் எங்களுக்கு 10 பெர்ஷ் நிலம் இருக்கிறது, கிட்டத்தட்ட 420 சதுர மீட்டர். முன்பு கரும்புக் காடு. நடுவில் மார்பளவு உயரத்தில் ஒரு கரும்பாறை, ஓரத்தில் லிச்சி மரம். வரைபடம் போட்ட பையன் பாறையைக் கூடத்துக்குள் அப்படியே விட்டுச் சுற்றிக் கட்டலாம், சரிவுக் கூரையும் முன்னால் வராங்கும், அதாவது திறந்த தாழ்வாரமும், போடலாம் என்கிறான். அப்பா ஜேசிபியைக் கூப்பிடு என்கிறார். தட்டைத் தளம் போட்டுக் கம்பியை நீட்டி விட வேண்டுமாம், பின்னால் தம்பிக்கு மாடி எழுப்ப. நீங்கள் யார் பக்கம்?

மேசன் மகள்:
உங்கள் அப்பா பக்கம். 1960இல் கரோல் புயல் மணிக்கு 256 கிலோமீட்டர் வரை வீசியது. கூரைத் தகரம் பறந்த பிறகு என் பாட்டி பிள்ளைகளோடு கட்டிலுக்கு அடியில் கிடந்தாராம். அதற்கப்புறம் ஊரே சிமெண்டுத் தளத்துக்கு மாறியது ரசனை இல்லாமல் இல்லை, பயத்தில்.

வராங் விசிறி:
அக்கா, பக்கத்திலேயே மோக்காவில் யூரேக்கா மாளிகை இருக்கிறதே. 1830களின் வீடு, 109 கதவு சன்னல். கரோலையும் பார்த்துவிட்டு இன்னும் நிற்கிறது. நாலு பக்கமும் சரியும் கூரையைக் காற்று எளிதில் தூக்காது. வராங் கூரையை மட்டும் வீட்டுக் கூரையோடு சேர்க்காமல் தனியாகக் கட்ட வேண்டும். பிய்ந்தால் அது மட்டும் போகும். பாறைக்கு அமெரிக்காவில் ஃபிராங்க் லாயிட் ரைட் கட்டிய ஃபாலிங்வாட்டர் வீட்டைப் பாருங்கள். கணப்பின் அடியில் மலைப்பாறை அப்படியே இருக்கிறது. தரைக்கல்லுக்கு மெழுகு பூசிப் பாறையைப் பூசாமல் விட்டார்கள். பளபளக்கும் தரை ஓடைத் தண்ணீர் போலவும், அதிலிருந்து பாறை தலை நீட்டுவது போலவும் தெரியும்.

மேசன் மகள்:
அதே வீட்டில் ஓடைக்கு மேல் நீட்டிய தளம் சுமார் 18 சென்டிமீட்டர் தொங்கிப்போய், 2002இல் இழுத்துக் கட்டினார்கள். ஒழுகலும் பேர்போனது. யூரேக்கா போன்ற மர மாளிகையைப் பராமரிக்கத் தோட்ட முதலாளிகளுக்குக் கட்டும், நமக்கு? என் அப்பா ஒரு வீட்டில் இப்படித்தான் பாறையைச் சுவருக்குள் விட்டார். இரண்டு நாள் மழையில் பாறையும் தரையும் சேரும் இடத்தில் விரல் அகலத்துக்கு ஈரக்கோடு. அலமாரியின் முதுகெல்லாம் பூஞ்சை. மூன்று தடவை பூசினார், நிற்கவில்லை.

கோலப்புள்ளி:
இருவரும் பாறையை உள்ளே வைத்தே சண்டை போடுகிறீர்கள். வராங்கின் விளிம்பில் வையுங்கள், பாதி கூரைக்கு அடியில், பாதி மழையில். காய்ந்தால் சாம்பல் நிறம், நனைந்தால் கறுப்பு, ஓரத்தில் பாசி. இதைவிட நல்ல சிலையை எந்தக் கடையில் வாங்குவீர்கள்? அப்புறம், தென்கிழக்குக் காற்று வரும் பக்கத்தில் ஓட்டைக் கற்களை அம்மா போடும் புள்ளிக் கோலக் கணக்கில் அடுக்கலாம். காலை வெயிலில் கோலம் தரையில் விழும்.

மேசன் மகள்:
சரி, பாறை வெளியே இருந்தால் எனக்குச் சண்டை இல்லை. சுற்றி ஒரு வாய்க்கால் விட்டுவிடுங்கள். ஆனால் ஓட்டைச் சுவரைப் படுக்கையறையில் வைக்காதீர்கள். புயல் மழை படுக்கை வாட்டத்தில் வரும்.

பாறைக்காரன்:
அப்பாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கரோலின்போது அவருக்கு ஆறு வயதாம், இதுவரை எங்களிடம் சொன்னதே இல்லை. பாறை வெளியே இருக்கட்டும் என்றுவிட்டார். லிச்சி மரம்தான் இடிக்கிறது: வௌவால் தின்று துப்பும் தோலை யார் பெருக்குவது என்கிறார். கூரையிலும் இறங்கி வரவில்லை. சரிவு வைத்தால் மாடி போச்சே, தம்பி எங்கே போவான் என்று அதே கேள்வி.

ரோஸ்ஹில் வாடகைக்காரன்:
அந்தத் தம்பி நான்தான். எனக்கு மாடி வேண்டும் என்று யார் சொன்னது, அண்ணே? லிச்சி மரத்தை வெட்டினால்தான் வீட்டுப் பக்கம் வரமாட்டேன்.