ஸ்டீயரிங்ல ஆட்டம்: மொத்த ரேக்கையும் மாத்தணுமா, ரேக் எண்ட் போதுமா?

கேள்வி:
18 வருஷப் பழைய ஹேட்ச்பேக், 1,60,000 கி.மீ. ஓடியிருக்கு. ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங். நேரா போகும்போது ஸ்டீயரிங்கை ரெண்டு விரல் அகலம் அசைச்சாலும் வண்டி திரும்பல. மேடு பள்ளத்துல இடது பக்கம் 'டக் டக்'னு சத்தம். முன் டயர் ரெண்டும் உள்பக்கம் தேய்ஞ்சிருக்கு. ஒரு மெக்கானிக் ரேக்கையே (ஸ்டீயரிங்கைத் திருப்பினா இடம் வலமா நகர்ந்து சக்கரத்தைத் திருப்புற பல் தண்டு, அதோட கூடு) மாத்தணும்ங்கிறார், இன்னொருத்தர் டை ராட் எண்ட் (அந்தத் தண்டோட கம்பியைச் சக்கரத்துப் பக்கம் இணைக்கிற வெளி மூட்டு) போதும்ங்கிறார். எண்ணெய்க் கசிவு இல்லை. எதை வச்சு முடிவு பண்றது?

பதில் 1:
ஆட்டம் எந்த மூட்டுலன்னு ரெண்டு பேருமே காட்டலையே. அதைக் கண்டுபிடிக்காம எதையும் கழற்ற விடாதீங்க.

வண்டி நாலு சக்கரத்துலயும் தரையில நிக்கட்டும், ஹேண்ட்பிரேக் போடுங்க. இன்ஜின் ஆஃப், சாவியைத் திருப்பி ஸ்டீயரிங் லாக்கை மட்டும் எடுங்க. உள்ளே ஒருத்தர் ஸ்டீயரிங்கை கொஞ்சமா இடம் வலமா ஆட்டணும். நீங்க ஒவ்வொரு மூட்டா கை வச்சுப் பாருங்க. மேல் ஷாஃப்ட் திரும்பியும் கீழ் ஷாஃப்ட் தாமதிச்சா, ஸ்டீயரிங் ஷாஃப்ட் ஜாயின்ட். ரேக் உடம்பே நகர்ந்தா மவுன்ட் புஷ் (ரேக்கை வண்டியோட பிடிச்சிருக்கிற ரப்பர்). ரேக் நுனியில இருக்கிற மடிப்பு ரப்பர் உறையை (பூட்) அமுக்கிப் பிடிச்சா உள்ளே தட்டுறது தெரியும், அது ரேக் எண்ட் (ரேக் நுனியில இருக்கிற உள் மூட்டு). சக்கரத்துக்குப் பக்கத்துல தட்டினா டை ராட் எண்ட்.

அப்புறம் ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் வச்சு, சக்கரத்தை 9 மணி, 3 மணி இடத்துல பிடிச்சு ஆட்டுங்க: அங்கே மட்டும் ஆட்டம் இருந்தா ஸ்டீயரிங் பக்கம். 12, 6 இடத்துல ஆடினா பால் ஜாயின்ட் (சஸ்பென்ஷனையும் சக்கரத்தையும் இணைக்கிற பந்து மூட்டு) அல்லது வீல் பேரிங். யாராவது பிரேக்கை மிதிச்சதும் ஆட்டம் நின்னா பேரிங்தான்.

பதில் 2:
ஒண்ணு சேர்த்துக்கறேன். ரேக்ல இருக்கிற அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவை முறுக்கி ஆட்டத்தைக் குறைக்கிறேன்னு யாராவது சொன்னா வேண்டாம்னுடுங்க. ரேக் பல் தேயுறது நடுவுலதான். நடுவுக்கு ஏத்தபடி முறுக்கினா திருப்பத்துல இறுகும், ஸ்டீயரிங் தானா நேருக்குத் திரும்பாது. இது ஆட்டத்தை விட ஆபத்து.

கேள்வி கேட்டவர்:
பார்த்தாச்சு. இடது ரேக் எண்ட் பூட்டுக்குள்ள நல்லா தட்டுது. வலது பரவாயில்லை. இடது லோயர் பால் ஜாயின்ட் பூட் கிழிஞ்சிருக்கு, ஆட்டம் இல்லை. ரேக் பூட்டுக்குள்ள எண்ணெய் இல்லை.

பதில் 1:
அப்போ ரேக்கைத் தொட வேண்டாம். பூட்டுக்குள்ள எண்ணெய் சேர்ந்திருந்தா சீல் போச்சுன்னு அர்த்தம், அப்போதான் ரேக் பேச்சு. இப்போ ரெண்டு பக்க ரேக் எண்டும் மாத்துங்க. வலதுக்கும் அதே வயசு, அலைன்மென்ட் (சக்கரக் கோணத்தைச் சரி பண்றது) செலவு ஒரே தடவையோட போகும். பால் ஜாயின்ட்டையும் மாத்துங்க. கிழிஞ்ச பூட் வழியா தண்ணியும் மணலும் ஏற்கெனவே உள்ளே போயிருக்கும், புது பூட் மாட்டி பிரயோஜனம் இல்லை.

பதில் 3:
கழற்றும்போது கவனிக்க வேண்டியது: டை ராட் எண்ட் நட்டை முழுசா எடுக்காம ரெண்டு மரை விட்டு வைங்க, விடுபடும்போது தெறிக்காது. ஸ்டட் (அந்த நட்டு ஏறுற மரைத் தண்டு) நுனியில சுத்தியலால அடிச்சா மரை கெடும். நக்கிள் (சக்கரத்தைத் தாங்குற இரும்புத் துண்டு) கண்ணோட, அதாவது ஸ்டட் போற துளையோட, பக்கவாட்டுல ரெண்டு அடி போட்டா கூம்பு மாதிரி இறுகியிருக்கிற ஸ்டட் விட்டுடும். டை ராட் எண்ட் எத்தனை சுற்றுல கழன்றதுன்னு எண்ணி, அதே அளவு மாட்டுற கணக்கு இங்கே பலிக்காது, ரேக் எண்டும் மாறுதே. ஸ்டட் நடுவுல இருந்து ரேக் எண்ட் பந்து வரைக்கும் மொத்த நீளத்தை அளந்து வைங்க.

ரேக் எண்டைக் கழற்றும்போதும் முறுக்கும்போதும் ரேக் தண்டை ஸ்பேனரால பிடிச்சுக்கணும். இல்லேன்னா முழு விசையும் பினியன் (ரேக்கை நகர்த்துற சின்ன பல் சக்கரம்) பல்லுல இறங்கும். லாக் வாஷர் இருந்தா புதுசு. ஸ்ப்ளிட் பின் (நட்டு கழலாம இருக்கக் குறுக்கே போடுற பின்) துளை சேரலன்னா நட்டைத் தளர்த்தக் கூடாது, இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் சேர்க்கணும். பூட் கிளாம்ப் சரியா உட்காரலன்னா இந்த வேலை அத்தனையும் மறுபடி.

எல்லாம் முடிஞ்சதும் அலைன்மென்ட். டோ (மேலிருந்து பார்த்தா சக்கரத்தோட முன்பக்கம் உள்ளே வெளியே திரும்பியிருக்கிற அளவு) வெளிப்பக்கம் விரிஞ்சதால டயர் உள்பக்கம் தேய்ஞ்சிருக்கலாம், கேம்பரையும் (முன்னால இருந்து பார்த்தா சக்கரம் சாய்ஞ்சிருக்கிற அளவு) பார்க்கச் சொல்லுங்க. புது டயர் வாங்குறதா இருந்தா முதல்ல அதை மாட்டிட்டுப் போங்க.