பைபாஸ் அறுவை சிகிச்சையில் இரத்தம் ஏற்றுவது ஆபத்தானதா?

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு மகள்
அப்பாவுக்கு வயது 66. அடுத்த மாதம் புதுச்சேரியில் பைபாஸ் செய்ய நாள் குறித்திருக்கிறார்கள். ஹீமோகுளோபின் 9.6 கிராம்தான் இருப்பதால் இரத்தம் ஏற்ற நேரிடும் என்றும், இரத்த வங்கிக்குக் கொடையாளர்களை அழைத்து வரும்படியும் கூறினார்கள். வெளியார் இரத்தத்தால் தொற்று வரும் என்று உறவினர்கள் அஞ்சுகிறார்கள். என் தம்பியின் இரத்தத்தையே ஏற்றச் சொல்லலாமா, அல்லது இரத்தமே வேண்டாம் என்று மறுத்துவிடலாமா?

பதில்: ஓய்வுபெற்ற இரத்த வங்கித் தொழில்நுட்பர், புதுச்சேரி
அம்மா, தம்பியின் இரத்தம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். மகனின் வெள்ளையணுக்களைத் தந்தையின் உடல் அந்நியம் என்று அடையாளம் காணத் தவறினால், அவை உள்ளே பெருகி அவருடைய தோலையும் குடலையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கக்கூடும். மிக அரிதுதான், ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிர் பிழைப்பதில்லை. நெருங்கிய உறவினரின் இரத்தத்தை, அந்த இரத்தத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்த பிறகே ஏற்றலாம். தம்பி வங்கிக்குத் தாராளமாகக் கொடுக்கட்டும், அது வேறொருவருக்குப் பயன்படும். எய்ட்ஸ், மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய், மலேரியா ஆகியவற்றுக்கு ஒவ்வொரு யூனிட்டும் சோதிக்கப்படுகிறது. தொற்றிய புதிதில் சோதனையில் சிக்காமல் போகும் வாய்ப்பு சிறிதளவு உண்டு. இதய நோயாளிக்கு அதைவிடக் கவனிக்க வேண்டியவை, வேகமாக ஏற்றும்போது திரவம் மிகுந்து மூச்சுத் திணறுவதும், ஆறு மணி நேரத்துக்குள் நுரையீரல் பாதிக்கப்படுவதும், பெயர் மாறி வேறு பிரிவு இரத்தம் ஏறிவிடுவதும்தான்.

பதில்: மயக்கவியல் மருத்துவர், கடலூர்
மறுக்கவும் வேண்டாம். பெருகிவரும் இரத்தப்போக்கின் நடுவே இரத்தம்தான் உயிரைக் காக்கும். ஆனால் உங்கள் கையில் ஒரு மாதம் இருக்கிறது, அதை வீணாக்காதீர்கள். இதய நுரையீரல் இயந்திரத்தில் இணைத்துச் செய்யும்போது அதன் குழாய்களை நிரப்பும் திரவம் கலந்து இரத்தம் மேலும் நீர்த்துப்போவதால், 9.6-இல் தொடங்குபவருக்கு இரத்தம் தேவைப்படும் வாய்ப்பு மிக அதிகம். இரும்புச்சத்துக் குறைவா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆஸ்பிரின் எடுப்பவராக இருந்தால் வயிற்றில் கசிவு உள்ளதா என்றும் கேளுங்கள். மாத்திரைக்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால், நரம்பு வழியாக இரும்புச்சத்து கொடுப்பது பற்றியும் விசாரிக்கலாம்.

எந்த அளவில் ஏற்ற வேண்டும் என்பதில் ஆய்வுகள் முழுமையாக ஒத்துப்போகவில்லை. 19 நாடுகளில் ஏறக்குறைய 5,000 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், ஹீமோகுளோபின் 7.5-க்குக் கீழே இறங்கும் வரை காத்திருந்தவர்களுக்கு மரணமோ மாரடைப்போ பக்கவாதமோ கூடவில்லை. இரத்தம் ஏற்றப்பட்டவர்களும் 73 சதவீதத்திலிருந்து 52 சதவீதமாகக் குறைந்தார்கள். அதற்கு முன் 2015-இல் பிரிட்டனில் வந்த ஆய்விலோ, அவ்வாறு காத்திருந்தவர்களிடையே 90 நாள் மரணம் சற்றே கூடுதலாக இருந்தது. ஆகவே எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பதை நான் ஏற்பதில்லை. இரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் அமிலம் உண்டு. சிந்தும் இரத்தத்தைக் கழுவித் திரும்ப ஏற்றும் கருவி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்
நன்றி, ஐயா. இரத்தம் உறையாமல் இருக்க அப்பா எடுக்கும் குளோபிடோகிரெல் மாத்திரையை எப்போது நிறுத்துவது? இரும்புச்சத்து ஏறும் வரை அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?

பதில்: மயக்கவியல் மருத்துவர், கடலூர்
வழக்கமாக ஐந்து நாள்களுக்கு முன் நிறுத்துவார்கள். ஆனால் ஸ்டென்ட் (இதயக் குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழல்) வைத்திருந்தால் கணக்கு மாறும் என்பதால், மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள். நெஞ்சுவலி நடக்கும்போது மட்டும் வருகிறது என்றால் தள்ளிப்போடுவதைப் பற்றிப் பேசலாம். படுத்திருக்கும்போதே வலித்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம், உடனே அழைத்துச் செல்லுங்கள்.