மாருதி 800, கார்புரேட்டர் + எல்பிஜி: வீட்டிலேயே கம்ப்ரஷன் பார்ப்பது எப்படி?

மூணு_சிலிண்டர்:
வண்டி 1999 மாருதி 800, கார்புரேட்டர் மாடல், எல்பிஜி கிட் போட்டது. ஐடிலில் உதறல், மேட்டில் இழுவை இல்லை. பிளக், பிளக் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் கேப் எல்லாம் புதுசு. மூணாம் சிலிண்டர் ஒயரை உருவினால் எஞ்சின் சத்தம் மாறவே இல்லை. மற்ற இரண்டிலும் உடனே இறங்குது. மெக்கானிக் நேரா "எஞ்சின் வேலை"ங்கிறார். அதுக்கு முன்னாடி கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள்ளே வர்ற அழுத்தத்தை அளக்கிற மீட்டர்) வாங்கி நானே பார்த்துடலாமா? எந்த மாதிரி கேஜ் வாங்கணும், எவ்வளவு காட்டணும்?

ஸ்பேனர்_செட்:
தாராளமா பார்க்கலாம். ரப்பர் கூம்பு வச்சு அழுத்திப் பிடிக்கிற கேஜ் வேண்டாம், கை கொஞ்சம் தளர்ந்தாலே 20 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காணாமப் போகும். பிளக் துளையில் திருகுற 14 எம்எம் மரை கேஜ் வாங்குங்க. அடாப்டரின் மரை நீளத்தை உங்க பழைய பிளக்கோட பக்கத்தில் வச்சு ஒப்பிட்டுக்கங்க. குட்டையா இருந்தா எரியறையின் கொள்ளளவு கூடி அளவு குறைவாக் காட்டும், நீளமா இருந்தா பிஸ்டனிலோ வால்விலோ இடிக்கும்.

இன்னொண்ணு, கேஜில் காற்றைத் தடுத்து நிறுத்துற சின்ன வால்வு ஊசி எஞ்சின் பக்கத்து முனையில் இருக்கணும். மீட்டர் பக்கம் இருந்தா ஹோஸ் முழுக்க எரியறையோட சேர்ந்துடும், அளவு குறையும். அந்த ஊசி கெட்டுப்போனா டயர் வால்வு ஊசியைப் போட்டுச் சமாளிக்காதீங்க. டயர் ஊசியின் ஸ்பிரிங் கடினம், அதுவே அளவைத் தின்னுடும்.

எஞ்சின் ஓடும்போது பிளக் ஒயரை உருவிப் பார்க்கிறதையும் நிறுத்திக்கங்க. வெளியேற வழியில்லாத உயர் மின்னழுத்தம், ஸ்பார்க்கை உண்டாக்குற காயிலையோ அதை இயக்குற இக்னைட்டரையோ சுட்டுடும்.

டேப்பட்_சத்தம்:
செய்முறை என் பங்கு.

பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் குறையாம இருக்கணும். ஸ்டார்ட்டர் சோம்பலாச் சுத்தினா மூணு சிலிண்டரும் சேர்ந்து குறைவாக் காட்டி, நல்ல எஞ்சினையே சந்தேகப்பட வைக்கும். வண்டியைச் சூடேத்தி அணைச்சுட்டு, கை வச்சா பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் பிளக்கைக் கழற்றுங்க. கொதிக்கிற அலுமினிய ஹெட்டில் பிளக்கைத் திருகினா மரை கூடவே வந்துடும். முதலில் பிளக்கை அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, சுத்தியிருக்கிற மண்ணைக் காற்றடிச்சு ஊதிட்டு, அப்புறம் மூணையும் முழுசாக் கழற்றணும். ஒண்ணை மட்டும் கழற்றிப் பார்த்தா எஞ்சின் மெதுவாத்தான் சுத்தும்.

எல்பிஜி ஸ்விட்ச்சை நடு நிலையில் வையுங்க, பெட்ரோலும் கேஸும் ரெண்டுமே அடைபடும். டிக்கியில் இருக்கிற கேஸ் சிலிண்டரின் வால்வையும் மூடிடுங்க. காயிலுக்கு வர்ற சின்ன ஒயர் கனெக்டரைக் கழற்றுங்க. பிளக் துளை திறந்திருக்கும்போது பக்கத்தில் ஸ்பார்க் வந்தா தீதான். ஏர் ஃபில்டரை எடுத்துட்டு, ஆக்சிலரேட்டரை ஒரே தடவை முழுசா மிதிச்சு அப்படியே பிடிக்கச் சொல்லுங்க. மிதிச்சு மிதிச்சு விட்டா கார்புரேட்டர் பம்ப் பெட்ரோலைப் பீச்சி, சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிடும். த்ராட்டில் மூடியிருந்தாலோ காற்று போகாது, 160 வர வேண்டிய இடத்தில் 100 கூட வராது.

அடாப்டரை ஓ-ரிங் பதியுற வரை கையாலயே திருகுங்க, ஸ்பேனர் வேண்டாம். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக். முள் ஆறு தடவை எகிறும் வரை சுத்துங்க. மூணு சிலிண்டருக்கும் அதே ஆறு. முதல் எகிறில் எவ்வளவு, ஆறாவதில் எவ்வளவுன்னு ரெண்டையும் குறிச்சு வையுங்க. கடைசி எண்ணை மட்டும் எழுதினா பாதித் தகவல் போச்சு.

மலைக்காற்று:
ஊட்டி மாதிரி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர்னா காற்றழுத்தமே கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு, கேஜும் அதே விகிதத்தில் குறைச்சுக் காட்டும். சமவெளிக் கணக்கை வச்சுப் பயந்துடாதீங்க.

மூணு_சிலிண்டர்:
பார்த்தாச்சு, சமவெளிதான்.
1: முதல் எகிறு 90, கடைசி 165
2: 85, 160
3: 40, 90

டேப்பட்_சத்தம்:
சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 1 கிலோ, அதாவது 14 பிஎஸ்ஐக்குள் இருக்கணும். குறைஞ்ச அளவு, கூடின அளவில் 75 சதவீதத்துக்குக் கீழே போனாலே கோளாறு உறுதி. உங்களுக்கு 55 கூட இல்லை. ரெண்டும் மூணும் சேர்ந்து விழுந்திருந்தா நடுவில் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் இருக்கிற அடைப்புத் தகடு) போச்சுன்னு சொல்லியிருப்பேன். ரெண்டு நல்லா இருக்கு.

அடுத்து ஆயில் சோதனை. மெடிக்கல் ஷாப் சிரிஞ்சில் 5 மில்லி எஞ்சின் ஆயில், மூணாம் துளையில் விடுங்க. அதுக்கு மேலே விட்டா ஆயிலே இடத்தை அடைச்சுப் பொய்யா ஏத்திக் காட்டும். துளை மேல துணி போட்டு ஒரு நொடி சுத்தி ஆயிலைப் பரப்பிட்டு கேஜ் மாட்டுங்க. 130, 140னு ஏறினா பிஸ்டன் ரிங். ஏறலைன்னா வால்வு.

மூணு_சிலிண்டர்:
95. அவ்வளவுதான்.

ஸ்பேனர்_செட்:
அப்போ வால்வு. ஆனா ஹெட்டை இறக்க அவசரப்படாதீங்க, ராக்கர் கவரை (எஞ்சின் மேல்மூடி) திறந்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டுப் பாருங்க. எல்பிஜி வண்டியில் இது வழக்கமான கதை. எக்ஸாஸ்ட் சீட் (வால்வு உட்கார்ந்து மூடுற வளையம்) தேயும், வால்வு மேலே ஏறும், டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்துற ராக்கருக்கும் நடுவில் இருக்கிறது) சுருங்கிச் சுருங்கி பூஜ்யமாகும். பிறகு வால்வு முழுசா மூடாது. வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டில் உட்கார்ந்துதான் இறக்கும். உட்காரலைன்னா ஓரம் கருகும். டேப்பட் சத்தமே இல்லாம வண்டி அமைதியா ஓடுதுன்னு சந்தோஷப்படுறவங்களுக்குத்தான் இது வரும்.

எஞ்சின் ஆறினதும், மூணாம் பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் நிற்கும்போது பாருங்க. எக்ஸாஸ்ட் பக்கம் இடைவெளி இல்லைன்னா, புத்தகத்தில் இருக்கிற குளிர் அளவுக்கு வச்சு லாக் நட்டை இறுக்கி, மறுபடி கம்ப்ரஷன் எடுங்க. 140க்கு மேலே வந்தா தப்பிச்சீங்க, அடிக்கடி இடைவெளி பார்த்துக்கிட்டா ஓடும்.

காற்றழுத்தி:
வரலைன்னா எங்கே கசியுதுன்னு காதாலயே கண்டுபிடிக்கலாம். அதே அடாப்டரில் ஊசியை மட்டும் கழற்றிட்டு, பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும்போது கம்ப்ரசரிலிருந்து 3 கிலோ அழுத்தத்தில் காற்று விடுங்க. சைலன்சர் வாயில் புஸ்னு வந்தா எக்ஸாஸ்ட், கார்புரேட்டரில் வந்தா இன்லெட், ஆயில் ஊத்துற மூடியில் வந்தா ரிங், ரேடியேட்டரில் குமிழ் வந்தா கேஸ்கெட். கிராங்க் போல்ட்டில் மாட்டின ஸ்பேனரை முதலில் எடுத்துடுங்க. பிஸ்டன் உச்சி தப்பி நின்னா காற்றே எஞ்சினைச் சுத்தும், ஸ்பேனர் பறந்து கையை உடைக்கும்.

ஹெட்டை இறக்க வேண்டி வந்தா, வெறும் லேப்பிங்கோட (வால்வையும் சீட்டையும் உரசிப் பொருத்துறது) நிறுத்தச் சொல்லாதீங்க. எல்பிஜிக்குக் கடினப்படுத்தின எக்ஸாஸ்ட் சீட் போடச் சொல்லி லேத்தில் கேளுங்க. நேர்ப்பட்டை வச்சு 0.05 எம்எம் ஃபீலர் நுழையுதான்னு ஹெட் முகத்தையும் பாருங்க. வேலை முடிஞ்சு வந்ததும் பிளக்கை மாட்டி ஹெட்டைக் கவிழ்த்து, ஒவ்வொரு குழியிலும் மண்ணெண்ணெய் ஊத்தி பத்து நிமிஷம் விடுங்க. போர்ட்டில் ஈரம் தெரிஞ்சா, வண்டியில் ஏத்தாம அப்படியே லேத்துக்குத் திருப்பி அனுப்பிடுங்க.